விடியலில் கோவை விமான நிலையம், அங்கிருந்து ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவிலிருந்து கோவைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விடியலுக்கு முன்பே வந்து இறங்குகிறார்கள். கோவைக்காரர்களுக்கு அதில் சிரமம் ஏதுமில்லை, வண்டி ஏறினால் வீடு. ஈரோடு, சேலம், கரூர், பொள்ளாச்சி, ஊட்டி என்று அதற்கப்பாலும் போக வேண்டியவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ரயில் நேரங்களை “வாக்கில்” என்றே குறித்திருக்கிறேன். அட்டவணை அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் அதிகாலை 3.45-க்குத் தரையிறங்குகிறது. எத்தனை மணி ரயிலுக்கு முன்பதிவு செய்வது?

கணக்கை 3.45-லிருந்து தொடங்காதீர்கள். பெட்டியோடு வெளிவாசலுக்கு வந்து நிற்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

கோவை சிறிய விமான நிலையம், அதனால் உள்ளே நடை குறைவு. ஆனால் கவுன்டர்களும் குறைவு. 170, 180 பேர் ஒரே விமானத்திலிருந்து இறங்கி ஒரே குடியேற்ற வரிசையில் நிற்கும்போது, முன்னிருக்கையில் வந்தவர் அரை மணியில் வெளியே போய்விடுவார். வால்பக்கம் அமர்ந்தவர் இன்னும் பாதி வரிசையைத் தாண்டியிருக்க மாட்டார். அதற்கடுத்து பெட்டி வரும் பெல்ட். அட்டைப்பெட்டிகளில் பாதி ஒரே பழுப்பு நிறம், ஒரே நைலான் கயிற்றுக் கட்டு. தடித்த பேனாவால் எழுதிய பெயரைக் குனிந்து படித்து, தன்னுடையது இல்லை என்று திரும்ப வைத்து, அடுத்ததை இழுக்கிறார்கள். இத்தனை பேரும் இத்தனை பெட்டிகளும் நகர நேரம் பிடிக்கும்.

ஆகவே 3.45 விமானத்துக்கு வெளிவாசல் நேரம் 4.45 முதல் 5 மணி. அங்கிருந்து கோவை ஜங்ஷன் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. அந்த இருட்டு வேளையில் சாலையும் காலியாக இருக்கும். 25 நிமிடம் வைத்துக்கொண்டால் போதும். ஐந்தரைக்குள் ஸ்டேஷனில் இருப்பீர்கள்.

காலையில் கோவையிலிருந்து கிழக்கே போகும் ரயில்கள் வரிசையாக இருக்கின்றன. 5.45 வாக்கில் பெங்களூரு உதய் எக்ஸ்பிரஸ், 6 மணிக்குச் சென்னை வந்தே பாரத், அதையொட்டி 6.15 வாக்கில் சென்னை இன்டர்சிட்டி, 7.15 வாக்கில் மயிலாடுதுறை ஜன சதாப்தி, அதன் பின்னாலேயே பெங்களூரு வந்தே பாரத், 8 மணிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். இதில் 5.45 உங்களுக்கானது இல்லை. 6 மணி ரயில், கைப்பையோடு மட்டும் வருகிறவருக்கு. பெட்டி போட்டு வருகிறவர் ஏழு மணிக்கு மேற்பட்ட ரயில்களில் ஒன்றை எடுத்தால் விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நெஞ்சு படபடக்காது. தரையிறங்கும் நேரத்தோடு மூன்று மணி நேரத்தைக் கூட்டுங்கள், கைப்பை மட்டும் என்றால் இரண்டேகால்.

இன்னொரு பக்கம் சாய்பவர்களும் இருக்கிறார்கள். “எதற்கு வம்பு” என்று மதியம் மூன்று மணி ரயிலை எடுத்துவிட்டு, இரவு முழுக்கத் தூங்காத கண்களோடு பத்து மணி நேரம் ஸ்டேஷனில் கிடப்பார்கள். அதற்குப் பஸ் ஏறியிருந்தால் வீட்டில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம்.

விமான நிலையம் இருப்பது பீளமேட்டில். பீளமேடு ரயில் நிலையத்திலேயே ஏறிக்கொள்ளலாமே?

வரைபடத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் தோன்றுவதுதான். நிலையம் பக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் அங்கே பெரும்பாலும் பாசஞ்சர் வண்டிகள்தான் நிற்கும், விரைவு ரயில்களில் பெரும்பாலானவை நிற்காமல் ஓடிவிடும். இருகூர், சிங்காநல்லூர் கதையும் அதுவே. கிழக்கே போகிறவர் மேற்கே பதினொரு கிலோமீட்டர் வந்து ரயிலேறி, வந்த வழியே விமான நிலையத்தை ஒட்டித் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. எரிச்சலான விஷயம், வேறு வழியில்லை.

டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் பெயர் இருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கோவையில் ஜங்ஷன் இருக்கிறது, கோவை வடக்கு இருக்கிறது, தெற்கே போத்தனூரும் இருக்கிறது. 1860-களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை போட்டபோது அது கோவை நகரைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் போனது. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளை பிரித்தபோதுதான் நகருக்குள் ரயில் வந்தது. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போகும் அந்தப் பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. கேரளம் போகும் சில நீண்டதூர ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் அதன் வழியாகவே போகின்றன. பாலக்காடு பக்கம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போத்தனூர் ரயிலை ஜங்ஷன் நடைமேடையில் நின்று எதிர்பார்த்தால் அது வரவே வராது.

ஜங்ஷனில் முன்வாசல் ஸ்டேட் பாங்க் சாலையில், பின்வாசல் கூட்ஸ் ஷெட் சாலையில். ரயில் எந்த நடைமேடை என்று தெரிந்தால் எந்த வாசலில் இறக்கிவிடச் சொல்வது என்று முடிவு செய்யலாம். பெரிய பெட்டிகளோடு படி ஏறி இறங்குவது மிச்சம்.

விமானம் ஞாயிறு இரவு கிளம்புகிறது. ரயில் டிக்கெட்டுக்கு எந்தத் தேதி?

திங்கள். ஷார்ஜாவில் ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஏறினால், நான்கு மணி நேரப் பறப்பும் ஒன்றரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து இங்கே திங்கள் அதிகாலை 3.30. கிளம்பும் தேதியை மனத்தில் வைத்தே ரயில் டிக்கெட் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். விமான டிக்கெட்டில் வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் “+1” என்று சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பாருங்கள்.

கிழமையும் முக்கியம். சென்னை வந்தே பாரத்தும் உதய் எக்ஸ்பிரஸும் புதன்கிழமை ஓடாது. மயிலாடுதுறை ஜன சதாப்திக்குச் செவ்வாய் விடுமுறை, பெங்களூரு வந்தே பாரத்துக்கு வியாழன்.

விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு ரயில் தாமதமானதால் அடுத்த ரயிலைத் தவறவிட்டால், இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்திருக்கும் பட்சத்தில் பணம் திரும்பப் பெற 2019 ஏப்ரல் முதல் வழி இருக்கிறது. அது ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில் மட்டும். விமானம் தாமதம் என்பது ரயில்வேயைப் பொறுத்தவரை உங்கள் சொந்த விவகாரம். விமான நிறுவனமும் தன் டிக்கெட்டில் இல்லாத ரயிலுக்குப் பொறுப்பேற்காது.

ரத்து செய்வதும் பெரிய உதவியாக இருக்காது. புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும், கடைசி மணிகளில் கையில் ஒன்றுமே வராது. விமானம் தாமதம் என்று உங்களுக்குத் தெரியவருவதே அந்தக் கடைசி மணிகளில்தான்.

“டிக்கெட் கோவையிலிருந்து இருக்கட்டும், தாமதமானால் திருப்பூரில் ஏறிக்கொள்கிறேன்” என்று சிலர் திட்டமிடுகிறார்கள். ஏறும் நிலையத்தை மாற்றுவதென்றால் அதற்கான கெடுவுக்குள் முறைப்படி மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், கோவையில் இருக்கை காலி என்று பரிசோதகர் தன் கைக்கருவியில் பதிந்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அதைக் கொடுத்துவிடலாம். திருப்பூரில் ஏறும்போது அங்கே இன்னொருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே நட்டம் எவ்வளவு என்று முதலிலேயே முடிவுகட்டி டிக்கெட் எடுங்கள். ஈரோட்டுக்கு ஜன சதாப்தியில் இரண்டாம் வகுப்பு இருக்கை போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய தொகை. குடும்பத்தோடு நான்கு பேர் வந்தே பாரத்தில் என்றால் அப்படிச் சொல்ல மனம் வராது.

முன்பதிவே செய்யாமல், இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

ஒருவர், இருவர் என்றால் தாராளமாக. சாதாரண நாட்களில் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் காலி இருக்கை இருந்தால், ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்புவரை செயலியிலும் கவுன்டரிலும் எடுக்கலாம். பெட்டி பெல்ட்டில் வருவதற்குள் கைபேசியில் பார்த்துவிட முடியும். வார நாட்களில் கோவை – ஈரோடு, கோவை – சேலம் தூரத்துக்கு அடிக்கடி இடம் இருக்கும். வெள்ளி, ஞாயிறு, முகூர்த்த நாட்கள், பொங்கல், தீபாவளி, தைப்பூசம் என்றால் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

இருக்கை வேண்டாம் என்றால் முன்பதிவில்லா டிக்கெட். யு.டி.எஸ். செயலியில் எடுத்து வந்தவர்கள் இப்போது ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். இதில் மூன்று நுணுக்கங்கள். காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு எடுக்க முடியாது, டாக்சியில் வரும்போதே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுங்கள். இரண்டாவது, குறைந்த தூரப் பயணத்துக்கு எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும், அதனால் விமானம் ஏறும் முன்பே எடுத்து வைப்பது வீண். மூன்றாவது, சென்னை இன்டர்சிட்டி அதிவிரைவு ரயில், அதற்குச் சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட் செல்லாது. வந்தே பாரத், ஜன சதாப்தி இரண்டிலும் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது.

எங்கள் ஊருக்கு ரயில் நல்லதா, பஸ் நல்லதா?

கொங்கு நாட்டில் இது ஊரைப் பொறுத்த கேள்வி. ரயில் பாதை ஈரோடு, திருப்பூர், கோவை என்று ஒரு கோடு போட்டுப் போய்விட்டது. கோபி, சத்தி, பவானி, அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே. ஈரோடு வரை ரயிலில் போய் அங்கிருந்து கோபிக்குப் பஸ் மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு ஒரு ஏற்றம் இறக்கம் கூடுவதைத் தவிர அதில் லாபம் ஒன்றுமில்லை. காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஏறினால் கோபியில் இறங்கலாம்.

திருப்பூருக்கு ரயில் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து சாலையில் 40 கிலோமீட்டர் சொச்சம், டாக்சியில் ஒரு மணி நேரத்துக்குள் வீடு. நான்கு பேர் பங்கிட்டால் கணக்கும் இடிக்காது. ஜங்ஷனுக்குப் போய்க் காத்திருந்து ரயிலேறித் திருப்பூரில் இறங்கி மறுபடி ஆட்டோ பிடிப்பதற்குள் குளித்துச் சாப்பிட்டிருக்கலாம்.

ஈரோட்டில் தராசு சமமாக நிற்கும். ரயிலில் 100 கிலோமீட்டர், வந்தே பாரத் என்றால் ஒன்றேகால் மணி, மற்றவை ஒன்றரை. ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பெருந்துறைக்காரர்கள் மட்டும் சாலையிலேயே போய்விடலாம், கோவை – சேலம் தேசிய நெடுஞ்சாலை அவர்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது.

சேலமும் அதற்கப்பாலும் ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு வந்தே பாரத் அந்த இரண்டு ஊரிலும் நின்று போவது பெரிய வரம். அதற்கு முன்னால் சேலத்தில் இறங்கிப் பஸ் மாறிக்கொண்டிருந்தார்கள்.

கரூருக்கு இரண்டு வழி. ஜன சதாப்தி ஈரோடு சுற்றி பத்து மணி வாக்கில் கரூர் சேர்க்கும், அதே ரயில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் போகிறவர்களுக்கும் ஆகும். சாலை வழி பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் என்று நேராகப் போகிறது. அந்தப் பஸ்கள் சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். சிங்காநல்லூர் விமான நிலையத்துக்குப் பக்கம், நகருக்குள் நுழையவே தேவையில்லை. ஐந்து மணிக்கு வெளியே வந்து ஏழேகால் வரை ரயிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அப்படிப் போகலாம். தாராபுரத்துக்கும் சிங்காநல்லூர்தான். நாமக்கல்லில் 2013 முதல் ரயில் நின்றாலும் அது சேலம் – கரூர் பாதை, கோவையிலிருந்து வருகிறவருக்குச் சுற்று. ஈரோட்டில் இறங்கித் திருச்செங்கோடு வழியாகப் போங்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி மூன்றிலும் ரயில் நிலையம் உண்டு, ஆனால் கோவையிலிருந்து வண்டிகள் சொற்பம். உக்கடம் பஸ் நிலையத்துக்குப் போய், வருகிற பஸ்ஸில் ஏறுங்கள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சித்ரா நிறுத்தத்தில் நின்று அவிநாசி சாலையில் வரும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தும் பழைய வழக்கம் சிலருக்கு உண்டு. மேம்பாலத்தில் ஏறிவிட்ட பஸ் சித்ராவில் நிற்க வழியில்லை. கையில் பெட்டி இருந்தால் காந்திபுரம் போய் உட்கார்ந்து வருவதே மேல்.

அதே நாள் காலை ஊட்டி மலை ரயிலைப் பிடிக்க முடியுமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் போட்ட பாதை, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இடங்கள் குறைவு, முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும்.

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் இதற்கான இணைப்பு ரயில். அது ஐந்து மணியையொட்டிக் கோவையைத் தாண்டிவிடும், 3.45 விமானத்தில் வந்தவருக்கு அது கிட்டாது. சாலையில் போனால் விமான நிலையத்திலிருந்து மேட்டுப்பாளையம் 40 கிலோமீட்டர் சொச்சம், ஐந்து மணிக்கு வண்டி ஏறினால் ஆறேகாலுக்குள் அங்கே. எல்லாம் சரியாக அமைந்தால் நடக்கும். ஆனால் தூங்காத குழந்தைகளை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மரப்பல்லக்கு போன்ற பெட்டியில் உட்கார வைப்பதா என்று யோசியுங்கள். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் வண்டி ஏறத் தொடங்கும்போது, அதைப் பார்ப்பதற்காகவே வந்தவர்கள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் ஓய்வெடுத்து மறுநாள் டிக்கெட் எடுப்பதே என் யோசனை.

வெளிநாட்டிலிருந்து முன்பதிவு செய்வதில் என்னென்ன இடறல்கள்?

60 நாள் முன்பு, இந்திய நேரம் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. துபாயில் அப்போது 6.30, சிங்கப்பூரில் 10.30. ரயில் முன்பதிவுக்கான ஐ.ஆர்.சி.டி.சி. தளம் ஒவ்வொரு நாளும் நள்ளிரவையொட்டி அரை மணி நேரத்துக்குமேல் மூடிக்கிடக்கும். துபாயில் வேலை முடித்து, சாப்பிட்டு, இரவு பத்தேகாலுக்கு ஆற அமர உட்காருகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில் மாட்டுவார்கள்.

தட்கல் முந்தின நாள் காலை, குளிர்சாதன வகுப்புகளுக்கு 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும். 2025 ஜூலை முதல் இதற்கு ஆதார் சரிபார்ப்பும், கைபேசிக்கு வரும் கடவு எண்ணும் தேவை. உங்கள் இந்திய சிம் அலமாரியில் அணைந்து கிடந்தால் அந்த எண் வந்து சேராது. தட்கல் தேவைப்படும் என்று தோன்றினால் சிம்மை உயிரோடு வைத்திருங்கள், அல்லது ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ தன் கணக்கில் எடுத்துக் கொடுக்கட்டும்.

ரயிலில் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் போதும். ஆதாரைத் தேடிப் பெட்டியின் அடிவரை கிளற வேண்டாம்.

பெட்டிகள் நிறைய இருக்கின்றன. ரயிலில் விடுவார்களா?

இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 35 கிலோ, குளிர்சாதன இருக்கை வகுப்புக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசிக்கு 50 கிலோ கட்டணமில்லாமல் கொண்டு போகலாம். வளைகுடாவிலிருந்து 30 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் கொண்டு வருகிறவர் இருக்கை வகுப்பில் 40-க்குள் அடங்கிவிடுவார்.

எடையைவிட இடம்தான் தொல்லை. வந்தே பாரத்தின் மேல் தட்டில் விமானக் கைப்பை அளவுப் பெட்டி வசதியாக நிற்கும். அதற்கு மேற்பட்டதை மற்றவர் தலைக்கு மேல் தூக்கி வைக்கவும் முடியாது, காலடியில் வைக்கவும் முடியாது. பெரிய அட்டைப்பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் ரயில் யோசனையை விட்டுவிட்டு வீடுவரை வண்டி பேசுங்கள். ஈரோட்டில் ரயில் சில நிமிடங்கள்தான் நிற்கும், ஒரு ஆள் நான்கு உருப்படியோடு இறங்குவது பரிதாபமான காட்சி.

சிவப்புச் சட்டைப் போர்ட்டரிடம் கூலியை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புச்சி ஊரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு அழைக்க வருகிறேன் என்கிறார். வரச் சொல்லலாமா?

வேண்டாம் என்றாலும் வருவார், அது வேறு. ஆனால் காங்கயத்திலிருந்தோ வெள்ளகோவிலிலிருந்தோ 3.45 விமானத்துக்கு வருகிறவர் ஒரு மணிக்கே எழுந்து கிளம்புவார். கூடவே அம்மாயியும், “நானும் வருகிறேன் கண்ணு” என்று பக்கத்து வீட்டுப் பையனும். தூக்கம் கெட்ட ஓட்டுநர் விடியற்காலையில் நெடுஞ்சாலையில் திரும்பி ஓட்டுவதுதான் இந்தப் பயணம் முழுவதிலும் உண்மையான ஆபத்து, ரயிலைத் தவறவிடுவது அல்ல. வயதானவர்கள் என்றால் ஊர் ஸ்டேஷனுக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். மரியாதையும் கெடாது, அவர்களும் தூங்கியிருப்பார்கள். கட்டாயம் வருவேன் என்றால் வாடகை ஓட்டுநர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல் வெளிவாசல் நேரத்தைச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் எங்கே இருப்பது? பெண் தனியாக என்றால்?

வகுப்புக்கேற்ற காத்திருப்பு அறைகள், பெண்களுக்குத் தனி அறை, கட்டணம் செலுத்தி உட்காரும் குளிர்சாதன அறை எல்லாம் ஜங்ஷனில் இருக்கின்றன. ஓய்வறை வேண்டுமென்றால் உறுதியான பி.என்.ஆர். எண்ணை வைத்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பொருள் பாதுகாப்பு அறையில் பூட்டிய பெட்டியைத்தான் வாங்குவார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தனியாக வருகிற பெண்கள், வெளிச்சம் வரும்வரை விமான நிலையத்தின் உள்ளேயே இருந்துவிட்டு ஐந்தரைக்கு மேல் கிளம்பினாலும் ஏழு மணி ரயிலுக்கு நேரம் தாராளம். முன்கட்டண டாக்சி அல்லது செயலி வழி டாக்சி, வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். ரயிலில் எந்தச் சிக்கலுக்கும் 139-ஐ அழையுங்கள்.

கோவைக்கு டிக்கெட் விலை அதிகம். சென்னை, கொச்சி, பெங்களூரு, திருச்சி என்று இறங்கினால்?

பலரும் செய்வதுதான். நான்கில் சென்னை எளிது. விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம், ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கும், நீலப் பாதையில் மாறாமல் சென்ட்ரல். நான்கு மணிக்கு இறங்கியவருக்கு 6.10 வாக்கில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் இழுபறி. ஏழு மணிக்கு மேல் கிளம்பும் சதாப்தி பொருத்தமானது, காட்பாடி தாண்டி சேலம், ஈரோடு, திருப்பூர் என்று நின்று வரும். அது செவ்வாய்க்கிழமை கிடையாது.

கொச்சியில் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு மிக அருகில் அங்கமாலி ஸ்டேஷன், ஆனால் நமக்கு ஆலுவா. எர்ணாகுளத்திலிருந்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் பெங்களூரு இன்டர்சிட்டி ஆலுவாவில் நின்று, ஒரு மணி வாக்கில் கோவை வந்து, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று போகும். பாலக்காட்டுக் கணவாயைப் பகலில் கடக்கிற பயணம், அந்தப் பக்கம் தென்னையும் நெல்லும், வாளையாறு தாண்டியதும் காற்றே வறண்டு மாறுவது சன்னலோரத்தில் தெரியும். அதிகாலை நான்குக்கு இறங்கியவர் ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. கோவைக்குச் சாலையில் 160 கிலோமீட்டர், மூன்று பேர் சேர்ந்தால் டாக்சியைப் பற்றி யோசிக்கலாம்.

பெங்களூரில் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து நகர ஸ்டேஷன் (கே.எஸ்.ஆர்.) 35 கிலோமீட்டர். காலை 6.10 வாக்கில் கிளம்பும் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தருமபுரி, சேலம், ஈரோடு வழியாக வருகிறது. அதை விட்டால் கோவைப் பக்கம் வரும் பகல் ரயில்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். அதனால் மூன்று மணிக்கு முன் இறங்கினால் ரயில், பின்னால் இறங்கினால் பஸ். கே.எஸ்.ஆர்., கன்டோன்மென்ட், விஸ்வேஸ்வரய்யா முனையம் என்று மூன்று பெரிய நிலையங்கள் இருக்கின்றன, டாக்சி ஓட்டுநரிடம் “ரயில்வே ஸ்டேஷன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருச்சி கரூர்க்காரர்களுக்கும் நாமக்கல்காரர்களுக்கும் சொந்த ஊர் விமான நிலையம் மாதிரி. கரூர் 80 கிலோமீட்டருக்குள். ரயில் தேடாமல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.

ரயிலைத் தவறவிட்டுவிட்டேன், இப்போது ஜங்ஷனில் நிற்கிறேன். டாக்சி பிடித்துத் திருப்பூரில் மடக்கலாமா?

முடியாது. ரயில் முக்கால் மணியில் திருப்பூர் சேரும், ஜங்ஷனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈரோட்டிலும் ரயில்தான் முந்தும். இன்னும் விமான நிலைய வாசலிலேயே நிற்கிறீர்கள், ரயில் கோவையிலிருந்து இப்போதுதான் கிளம்பியது என்றால்கூட திருப்பூர்ப் போட்டி மயிரிழையில் முடியும். அந்த அவசரத்தில் ஓட்டுநரை விரட்டாதீர்கள்.

பழைய டிக்கெட்டோடு அடுத்த ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான், அபராதம் உண்டு. செயலியில் அடுத்த ரயிலுக்குக் காலி இருக்கை பாருங்கள். இல்லையென்றால் எட்டு மணி நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவில்லா டிக்கெட் எடுங்கள், திருப்பூர், ஈரோடு, கரூர் மூன்றுக்கும் அது ஆகும். சேலம் என்றால் காந்திபுரம் போங்கள், அடுத்தடுத்துப் பஸ் இருக்கிறது. கிளம்பும் முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்து நிற்கிறவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிடுங்கள்.